சூடு காட்டாத படம்

பிளக்கைச் செருகியாயிற்று, சுவிட்சைப் போடவில்லை. போட்டால் இஸ்திரிப் பெட்டி சூடாகும், சூடானால் காரியத்தைச் செய்தாக வேண்டும். அதனால் சற்குணம் சுவிட்சின் மேல் விரலை வைத்தபடியே நின்றார். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிவிட்டதாக மகள் சுகிர்தா இப்போதுதான் போன் செய்தாள். கோத்தகிரி வந்து சேர ஒன்றரை மணி நேரம், வழியில் யானை நின்றால் இன்னும் கொஞ்சம் கூடும். “அம்மா படத்தை எடுத்து வச்சிட்டீங்களாப்பா, பழைய பெட்ஷீட் ரெண்டு கொண்டு வரேன், சுத்திக்கலாம்” என்றாள். எடுத்து வைத்துவிட்டேன் என்றார். அது பொய்யில்லை. சுவரிலிருந்து இறக்கி மேஜைமேல்தான் வைத்திருக்கிறார். இறக்கும்போது அரிசிக் குருணை அளவுக்கு ஒரு மெழுகுத் துணுக்கு, ஆரஞ்சு நிறத்தில், உதிர்ந்து தரையில் விழுந்தது. முட்டி போட்டுத் தேடி எடுத்து ஒரு சோடா மூடியில் போட்டு வைத்திருக்கிறார். இறக்கினதற்கே ஒன்று. இனி அது பஸ்ஸில் போக வேண்டும், அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுங்க வேண்டும், குன்னூர் வழியாகப் போனாலும் வளைவு வளைவுதான், காரில் போனாலும் ரோடு ரோடுதான். கோயம்புத்தூரில் தன் புது வீட்டில் பெட்ஷீட்டைப் பிரித்துப் பார்த்தால் துணியில் குருணையும் கையில் பாதிப் பலகையுமாக சுகிர்தா நிற்பாள். ஏம்ப்பா சொல்லலை என்று கேட்பாள். எதைச் சொல்வது. மேல் பூச்சுக்கு உங்கம்மா சூடு காட்டவில்லை, என்னைக் காட்டச் சொன்னாள், மூன்று வருடமாக நான் காட்டவில்லை என்றா.

சுவிட்சைப் போட்டார். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு உடைந்து ஏழெட்டு வருடமாகிறது, இப்போது சுவிட்சுதான் திருகு. போட்டால் ஏறும், அணைத்தால் இறங்கும், நடுவில் எங்கே நிறுத்துவது என்பது தவமணியின் கைக்குத்தான் தெரியும். மெழுகுப் படம் என்றால் அவ்வளவுதான் விஷயம், என்பாள். தேன்மெழுகை உருக்கணும், நாட்டு மருந்துக் கடைக் குங்கிலியத்தைப் பொடிச்சுப் போடணும், அப்பத்தான் இறுகும், அப்புறம் கலர்ப் பொடி. சூடாக இருக்கும்போதே பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சு பூசியதும் மேலாகச் சூடு காட்டினால்தான் அது கீழே இருக்கிற பூச்சைப் பிடித்துக்கொள்ளும். காட்டாமல் விட்டால் தோலுக்கு மேல் தோலாகத் தனியே நிற்கும், ஒரு நாள் உரிந்து வரும். கூடக் காட்டினால் எல்லாம் உருகி ஒன்றாக ஓடிவிடும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்று வாசல்வரை போனவள் திரும்பி, “ஏங்க, அந்தப் படத்துல மேல் பூச்சு மட்டும் பாக்கி. ஒரு தடவ பெட்டியக் காட்டிருங்க” என்றாள். “நீயே வந்து காட்டிக்க” என்றார் இவர். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் சொன்னது. அதை ஆயிரம் முறை வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். சரி தவமணி, காட்டிடறேன். ஆகட்டும். தலையையாவது ஆட்டியிருக்கலாம். நாலாம் நாள் அவளைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியபோது இவர் மேஜையை மட்டும் யாரும் தொடவில்லை, அவள் மேஜையை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள், துணி போர்த்தியிருந்த படத்தோடு.

ஒரே அறையில் இரண்டு மேஜை. ஜன்னல் பக்கம் அவருடையது. நீலகிரியில் பிளாஸ்டிக் பையை நிறுத்தியதிலிருந்து துணிப்பைக்குக் கடைப்பெயர் அச்சடித்துக் கொடுப்பது அவருக்கு நிரந்தரத் தொழிலானது. மரச்சட்டத்தில் சல்லடைத் துணியை இழுத்துக் கட்டி, எழுத்து வரவேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்றதை அடைத்து, மையை ஊற்றி ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. யாரும் சொல்லித் தரவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டைக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தவர், வீட்டுக்கு வந்து பழைய சட்டத்தில் பாவாடைத் துணியை ஆணியடித்து ஆரம்பித்தது. ஒரு கலருக்கு ஒரு சட்டம். முதல் கலர் காய்ந்த பிறகுதான் இரண்டாவது. ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று வராது, வரக் கூடாது, அதுதான் சுத்தமான வேலை. அடித்த பையைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும், காய்ந்ததும் மை நிற்பதற்காக இஸ்திரி போட வேண்டும். இதே பெட்டிதான். ஒரே பெட்டி, இரண்டு தொழில். அவள் மெழுகைத் தொட்டுத் தீட்டிவிட்டுச் சரியாகத் துடைக்காமல் வைத்துவிடுவாள், இவர் பையின் மேல் வைத்து அழுத்துவார், நாற்பது பையில் கண்ணாடி மாதிரி மெழுகுத் திட்டு. “என்னங்க இது, வடை வச்சிருந்த பையா” என்று கடைக்காரர் கேட்டதற்கு அன்று முழுக்கச் சிரித்தாள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது வருகிறது, தனியாக நின்று பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அவள் தொடங்கியதும் ஒரு துணிக் கறையில்தான். தேன் சங்கத்தில் மெழுகுவத்தி வார்க்கும் வேலை அவளுக்கு. புடவையில் எந்நேரமும் தேன் வாசனை. டிசம்பர் குளிரில் கிடங்கில் அடுக்கியிருக்கும் வத்தியையெல்லாம் எடுத்து முந்தானையால் தேய்த்துத் தேய்த்து வைப்பதால் முந்தானையே பளபளவென்று விறைத்திருக்கும். ராத்திரி அதை மடிக்கும்போது காகிதம் மாதிரிச் சத்தம் வரும். ஒரு நாள் கலர் மெழுகு புடவையில் கொட்டிவிட்டது, சிவப்பும் பச்சையும். மெழுகுக் கறைக்கு எல்லோரும் செய்வதுதான், மேலே காகிதத்தை வைத்துச் சூடு பெட்டியை இழுத்தாள். மெழுகு காகிதத்துக்கு ஏறிவிட்டது. காகிதத்தை எடுத்துத் தூரப் போடப் போனவள் ஜன்னலண்டை கொண்டுபோய்ப் பார்த்தாள். “ஏங்க, இங்க பாருங்களேன், கோடநாடு மாதிரி இல்ல?” மாதிரிதான் இருந்தது. பச்சைச் சரிவு, அதற்கு மேல் சிவந்த வானம், நடுவில் பெட்டியின் மூக்கு இழுத்த கோடு, ரோடு போல. அந்தக் காகிதம் இன்னும் பீரோவில் இருக்கிறது. அதன் பிறகு ஹார்டுவேர் கடையில் தரைக்குப் போடுகிற சிவப்பு ஆக்ஸைடு, மஞ்சள் ஆக்ஸைடு, துணிக்குப் போடுகிற நீலப் பொடி என்று எது கிடைத்தாலும் மெழுகில் கலந்து பார்த்தாள். இவருடைய மையையும் கேட்டு வாங்கிப் போட்டாள், அது தண்ணீர் மை, பால் திரிந்த மாதிரித் திரிந்து போயிற்று. “உங்க கலருங்க எல்லாம் இப்படித்தான். பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கும், ஒண்ணுக்கொண்ணு பேசிக்காது” என்றாள். சுகிர்தா காலேஜில் படிக்கும்போது போனில் பார்த்து, அம்மா, இதுக்கு என்காஸ்டிக்னு பேரு, ரெண்டாயிரம் வருஷமா இருக்கு என்றாள். “இருக்கட்டும். எனக்கு இந்த வருஷந்தான்” என்று தவமணி பெட்டியைத் துடைத்தாள், அன்றைக்குப் பார்த்துச் சுத்தமாக.

விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பார்க்கவில்லை. அணைத்தார். அதிகமாகியிருந்தால் ஆறட்டும். ஆறினால் மறுபடி போடலாம், அதுவரைக்கும் செய்ய வேண்டியதில்லை. இப்படித்தான் மூன்று வருடம் போயிற்று. ஒரு முறை காட்டி அனுபவப்பட்ட கை இது. அவள் குளிக்கப் போயிருந்தாள், பெரிய படம், சந்தை நாள், கேரட் மூட்டையும் குடையுமாக மூன்று மாதம் தீட்டியது. ஒரு பூச்சு முடித்துவிட்டு, வந்து சூடு காட்டுகிறேன் என்று போனாள். உதவியாக இருக்குமே என்று இவர் எடுத்தார். பைக்குப் போடுகிற சூடு. பைக்கு வைக்கிற மாதிரியே வைத்து ஓர் இழுப்பு, ரப்பர் கட்டையை இழுக்கிற அதே கை, அதே அழுத்தம். சந்தை முழுக்க ஓடி மேஜை விளிம்பில் சொட்டியது. அவள் ஈரத் தலையோடு வந்து பார்த்தாள். இரண்டு நாள் அந்த மேஜைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் கத்தியால் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து ஒரு தகர டப்பாவில் போட்டு உருக்கினாள். எல்லாக் கலரும் சேர்ந்து ஈர மண் நிறத்தில் நின்றது. “இது கடையில கிடைக்காத கலரு” என்றாள். அதை வீணாக்கவில்லை. கடைசிப் படத்துக்கு அடிப்பூச்சு அந்த டப்பாதான், அது இவருக்குத் தெரியும், பலகையின் பின்விளிம்பில் வழிந்திருக்கிறது. இவர் கெடுத்ததன் மேல்தான் அவள் கடைசியாகத் தீட்டியிருக்கிறாள். என்ன தீட்டினாள் என்று மட்டும் அப்போது பார்க்கவில்லை. முடிக்காததை யாருக்கும் காட்ட மாட்டாள், துணி போர்த்தியே வைப்பாள். இறந்த பிறகும் அந்தத் துணியை எடுக்க இவருக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று. எடுத்தபோது முழுக்கப் பனி. வெள்ளைப் புகை மாதிரிப் பலகை முழுக்கப் பரவியிருந்தது, அதற்குப் பின்னால் ஏதோ நிறங்கள், ஏதோ கோடுகள், ஒன்றும் பிடிபடவில்லை. சுகிர்தா பார்த்துவிட்டு அழுதாள். “அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குப்பா. போகப் போறோம்னு தெரிஞ்சேதான் பனியாப் போட்டிருக்காங்க.” வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். இவரும் தலையாட்டினார். ஆனால் தினம் காலையில் எழுந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று நெஞ்சில் இடறும். தெரிந்திருக்கிறது. எட்டடி தூரத்தில் எதிர் மேஜையில் உட்கார்ந்து, இன்றைக்கு ரசத்தில் உப்புக் கூடிப்போச்சா என்று கேட்டுக்கொண்டே, தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. பலகையிடம் சொல்லியிருக்கிறாள்.

“என்னண்ணே, பெட்டிக்கு முன்னால நின்னு சாமி கும்பிடறீங்களா?” வாசலில் பெள்ளி. கீழ்ப் பஜாரில் வர்க்கி, அந்த மொறுமொறு பிஸ்கட், சுட்டு விற்கிற பெள்ளி, மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு எப்போதும் அவசரமாக வருகிறவர், வந்தால் அரை மணி நேரம் போகாதவர். “என் பை என்னாச்சு? காகிதத்துல சுத்திக் குடுத்தா டூரிஸ்ட்காரன் முறைக்கறான்.” நீலம் அடித்தாயிற்று, கொடியில் தொங்குகிறது, நாளைக்குச் சிவப்பு என்றார் சற்குணம். “நாளைக்கா. உங்க மை காயறதுக்குள்ள என் வர்க்கி நமுத்துப் போயிரும்.” “உங்க வர்க்கி நமுத்துப் போறதுக்கும் என் மைக்கும் என்ன சம்பந்தம், அது அடுப்புலருந்து வரும்போதே அப்படித்தான.” பெள்ளி சிரித்துவிட்டு மேஜைப் பக்கம் பார்த்தார், சிரிப்பு நின்றது. “அக்கா படம். எடுத்துட்டுப் போகுதா சுகி?” “ஆமா.” “சுவரு வெறிச்சுனு இருக்குமே.” இருக்கும். “பத்திரம்ணே. ரோடு இப்ப ரொம்ப மோசம். முந்தாநாள் கேக்கு ஒண்ணு அனுப்பினேன், அரவேணு போறதுக்குள்ள மாவாப் போச்சு.” அவர் போய்விட்டார், அன்றைக்குப் பார்த்து ஐந்தே நிமிடத்தில். மாவாகப் போச்சு. அறையில் அந்த வார்த்தை மட்டும் நின்றது. கொடியில் பெள்ளி கடைக்கு எப்போதும் போடுகிற நீலக் கோப்பையோடு முப்பது பைகள், கோப்பைக்கு மேல் வரவேண்டிய சிவப்பு ஆவி இன்னும் வராமல், அசையாமல் தொங்கின. நாற்பது வருடத்தில் அவருக்கு ஒரே குறை அதுதான், இரண்டாவது கலர் மயிரிழை இடப்பக்கம் தள்ளி விழும், எவ்வளவு அளந்து வைத்தாலும். வேறு யாருக்கும் தெரியாது. தவமணிக்குத் தெரியும்.

சுவிட்சைப் போட்டார். அவள் சோதிக்கிற விதம் நினைவிருக்கிறது. பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பரப்பில் ஒரு துளி மெழுகை வைக்க வேண்டும். புகைந்தால் ஆகாது. வெயிலில் வைத்த நெய் மாதிரி மெதுவாக இளகிச் சரிந்தால் அதுதான் பதம். அவள் டப்பாவில் ஒரு கட்டி மிச்சமிருந்தது, கிள்ளி வைத்தார், புகைந்தது, அணைத்தார். தேனும் குங்கிலியமுமாக அந்த வாசனை எழுந்தது. மூன்று வருடமாக இந்த வீட்டில் எழாத வாசனை, அதை அவர் எதிர்பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு அவள் இந்தப் பக்கம் வந்துவிடுவாள் போலிருந்தது. மறுபடி ஒரு துளி. இன்னும் புகை, கொஞ்சம். மறுபடி. இந்த முறை துளி யோசித்தது, ஓரம் மட்டும் பளபளத்தது, பிறகு சரிந்தது. இப்போது. சுகிர்தா வந்தபின் அவள் முன்னால் செய்யலாமா. கெட்டால் அவளும் சாட்சி. கெட்டால் பனி போய்விடும். அவளுடைய அம்மா சொன்ன கடைசிச் சொல் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பது போய்விடும். செய்யாவிட்டால் அரவேணு போவதற்குள் மாவாகிவிடும். வலது கையைப் பார்த்தார். இது அழுத்துகிற கை, இதற்கு அழுத்தத்தான் தெரியும். பெட்டியை இடது கைக்கு மாற்றினார். இடது கைக்கு ஒரு தொழிலும் தெரியாது, அது நல்லது. படத்தின் கீழ் மூலையில், ஒரு விரல் உயரத்தில், தொடாமல், பிடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நகர்த்தினார்.

பனி போயிற்று. பெட்டி நகர்ந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, பனி இல்லை. மறுபடியும். மறுபடியும் அதே, சந்தை நாள் போலவே, உதவி என்று எடுத்து. பெட்டியை அது வைக்கிற கல்லின் மேல் வைத்தார், வைத்தது தெரியாமல் வைத்தார். ஓடிவிட்டதா. குனிந்து பார்த்தார். ஓடவில்லை. கோடுகள் கோடுகளாகவே இருந்தன. மஞ்சள் மஞ்சளாக, இத்தனை மஞ்சளாக அதை அவர் பார்த்ததே இல்லை. வெள்ளை மட்டும்தான் காணோம். உருகி வழிந்தால் வெள்ளை எங்காவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே, மெழுகு எங்கே போகும், மேஜையில் சொட்டவில்லை, ஓரத்தில் திரளவில்லை. வெள்ளை பூசியிருந்தால்தானே வெள்ளை ஓடும். அவள் டப்பாக்களைப் பார்த்தார். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை, அந்த மண் நிறம். வெள்ளை டப்பா எங்கே. அவளிடம் வெள்ளையே கிடையாது. ஹார்டுவேர் கடை வெள்ளைப் பொடி மெழுகில் கட்டி கட்டியாக நிற்கிறதென்று வீசிவிட்டாள், அது சுகிர்தா கல்யாணத்துக்கு முன்பு. பின்னே இது. முந்தானை. விறைத்த முந்தானை மடிக்கும்போது வருகிற அந்தச் சத்தம். டிசம்பரில் கிடங்கிலிருந்து வந்து அலுப்போடு உட்கார்ந்து, “இன்னிக்கும் முந்நூறு வத்தி தேய்ச்சேங்க. குளிருக்கு எல்லாம் பூத்துப் போச்சு, வெள்ளை வெள்ளையா, சாம்பல் பூசின மாதிரி. தேய்ச்சா போயிரும், இல்ல லேசா சூடு காட்டுனாலும் போயிரும். தேன்மெழுகுன்னா அப்படித்தான், குளிர்ல பூக்கும்” என்று கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாளே. இவர் கேட்டாரா, கேட்டார், சட்டத்தைக் கழுவிக்கொண்டே ம் கொட்டினார். படம் குளிரில் துணிக்கடியில் கிடந்தது. பூத்துவிட்டது. மேல் பூச்சு உதிருமே என்று பயந்து யாரையும் தொட விடவில்லை, தானும் துடைக்கவில்லை. மூன்று குளிர்காலம் பூத்தது. அவள் பனி தீட்டவே இல்லை.

அவளுக்குத் தெரியாது. இதை அவர் வாய்விட்டே சொன்னார் போலிருக்கிறது, அறையில் ஒரு குரல் கேட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு நாளில் வந்து மிச்சத்தை முடிக்கலாம் என்றுதான் போயிருக்கிறாள், என்னிடம் மறைக்க அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. ரசத்தில் உப்புக் கூடிப்போச்சா என்றால் ரசத்தில் உப்பைத்தான் கேட்டிருக்கிறாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்து, சுவிட்சைப் போட்டு, துளி வைத்துப் பார்த்து, சரிந்ததும் அணைத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். இடது கை, ஒரு விரல் உயரம், ஒன்று இரண்டு மூன்று. வெள்ளை விலக விலக ஒவ்வொன்றாக வந்தன. கொடி. கொடியில் பை. மஞ்சள் பை, பச்சைப் பை, ஆரஞ்சுப் பை, நீலப் பை, இந்த அறைதான், அவள் மேஜையிலிருந்து பார்த்தால் தெரிகிற இந்த அறை. ஜன்னல் வெயில் பைகளின் ஊடாக வந்து அந்த மண் நிறத்தின் மேல் விழுந்திருக்கிறது. பைகளின் மேல் கோப்பை. கோப்பைக்கு மேல் சிவப்பு ஆவி, கடைசிப் பூச்சில் போட்டது, இன்னும் பிடிக்காமல் நின்றது. சூடு பட்டதும் லேசாக மினுங்கிப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு கோப்பையிலும் அந்த ஆவி மயிரிழை இடப்பக்கம் தள்ளி இருந்தது. ஒன்று விடாமல். அத்தனை பையிலும். திருட்டுக் கழுதை, என்றார். சொல்லிவிட்டுச் சிரித்ததில் கவனம் ஓர் இமைப்பொழுது பெட்டியை விட்டு விலகியது, ஆரஞ்சுப் பைக்கு மேல் நாலு, ஐந்து என்று போய்விட்டது. பதறித் தூக்குவதற்குள் ஆரஞ்சின் ஓரம் இளகிப் பக்கத்து நீலப் பைக்குள் இறங்கிற்று, ஒரு கட்டைவிரல் அளவுக்கு. நின்றது. அதற்கு மேல் ஓடவில்லை. சோடா மூடியிலிருந்த குருணையை எடுத்து அந்த ஆரஞ்சில் அது விழுந்த இடம் பார்த்து வைத்து, பெட்டியைக் கடைசியாக ஒரு முறை காட்டினார். அதுவும் உட்கார்ந்துகொண்டது.

சுகிர்தா வந்தபோது அவர் வாசலில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வளைவில் வயிற்றைப் பிரட்டியதில் முகம் வெளுத்து, இரண்டு பெட்ஷீட்டும் ஒரு பை கீரையுமாக உள்ளே வந்தவள், “என்னப்பா வாசனை இது, அம்மா வாசனை” என்றாள். பிறகு மேஜையைப் பார்த்தாள். “பனி எங்கப்பா?” அவர் சொன்னார். வத்தியையும் முந்தானையையும் குளிரையும் சொன்னார், வெள்ளை டப்பாவே இல்லை என்பதைச் சொன்னார், வாசலில் நின்று தவமணி சொன்னதையும், இவர் பதில் சொன்னதையும் முதல் தடவையாகச் சொன்னார். சுகிர்தா அழுவாள் என்று நினைத்தார். அவள் முகத்தைப் படத்துக்குக் கிட்டே கொண்டுபோய் ஒவ்வொரு கோப்பையாகப் பார்த்தாள். “எல்லாக் கோப்பையிலயும் சிவப்பு தள்ளி விழுந்திருக்கு” என்றாள். “ஆமா.” “உங்களக் கிண்டல் பண்ணியிருக்காங்கப்பா.” “ஆமா. நல்லாவே.” விளிம்பில் நகத்தால் மெதுவாகத் தட்டினாள். ஒன்றும் உதிரவில்லை. பெட்ஷீட்டை விரித்தவள் மறுபடி குனிந்தாள், ஆரஞ்சும் நீலமும் கலந்து நின்ற இடத்தில் விரலை வைத்தாள். அங்கே இன்னும் இளஞ்சூடு இருந்திருக்க வேண்டும், விரலை எடுக்கவில்லை. “மத்ததெல்லாம் தனித்தனியா இருக்கு. இந்த ரெண்டு மட்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிருக்கு. இதுவும் அம்மா விளையாட்டா?”

“இல்லம்மா” என்றார் சற்குணம். “அது நான்.”